கேம்பர்வேனில் கைக்குழந்தையைத் தூங்க வைப்பது: பெங்களூரு பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு 7 மாதம் இருக்கும்போது பெங்களூரிலிருந்து கேம்பர்வேன் (கட்டிலும் சமையல் மேடையும் உள்ள வேன், கேரவன் என்றும் சொல்வார்கள்) வாடகைக்கு எடுத்து 3 நாள் குடகுக்குப் போய் வந்தோம். அத்தையும் உடன் வந்தார். அதிலிருந்து அல்சூரில் எங்கள் குடியிருப்பில் கைக்குழந்தை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், கேரவன் எடுக்கலாமா என்ற யோசனை வந்ததும் என்னிடம்தான் கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, மூச்சு சம்பந்தமான தொந்தரவு இருந்தாலோ, முதலில் உங்கள் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள்.

எத்தனை மாதத்தில் கூட்டிப்போகலாம்?

சட்டமாக எந்த வயதும் இல்லை. ஆனால் தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் ஆபத்து முதல் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில்தான் அதிகம். அப்படி நடப்பதில் பெரும்பகுதி 6 மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. அந்த வயதில் குழந்தையின் கழுத்தும் நிற்காது. அதனால் 6 மாதம் தாண்டட்டும் என்பதுதான் என் கருத்து. அதற்கு முன்னால் போயே ஆக வேண்டுமென்றால் இரவுத் தங்கலை ஹோம்ஸ்டே அறையில் வைத்துக்கொண்டு, வேனைப் பகலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

வண்டி ஓடும்போது பின்னாலிருக்கும் கட்டிலில் படுக்க வைக்கலாமா? நான் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கூடாது. நீங்கள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கூடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றால், 7 கிலோ குழந்தை உங்கள் கையில் இழுக்கும் இழுப்பு 7 கிலோவாக இருக்காது; பல மடங்காக இருக்கும். கை தானாக விடுபட்டுவிடும். மடியில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான். உங்கள் உடம்பே முன்னால் போய்க் குழந்தையை நசுக்கும் ஆபத்தும் அதில் சேர்ந்துகொள்கிறது.

ஓடும் வண்டியில் குழந்தைக்கு ஒரே இடம், பின்பக்கம் பார்த்தபடி பொருத்திய கார் சீட், அதாவது குழந்தைக்கென்று தனியாக வாங்கி வண்டி இருக்கையில் கட்டும் சீட். 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது.

கேம்பர்வேனில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் பல இருக்கைகள் பக்கவாட்டில் பார்க்கும் சோபாக்கள். அவற்றில் கார் சீட்டைக் கட்டவே கூடாது. முன்பக்கம் பார்க்கும் இருக்கை வேண்டும், அதில் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் வேண்டும். ஏர்பேக் இருக்கும் முன்சீட்டிலும் பின்னோக்கிய கார் சீட்டை வைக்கக் கூடாது. ஏர்பேக் விரிந்தால் அது நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் அடிக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கார் சீட்டைக் கையோடு எடுத்துப்போய் அந்த வேனில் பொருத்திப் பாருங்கள். புகைப்படத்தை நம்ப வேண்டாம்.

கார் சீட்டிலேயே நன்றாகத் தூங்குகிறாள். நிறுத்திய பிறகும் அப்படியே விட்டால் என்ன?

வழியில் தூங்கினால் தூங்கட்டும், தவறில்லை. ஆனால் சேர்ந்தாற்போல் 2 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனில் பெற்றோருக்குச் சொல்லும் கணக்கு; பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு அரை மணிதான். சாய்ந்து உட்கார்ந்த நிலையில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டால், குழந்தையின் மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கிவிடும். சத்தமே வராது. பார்ப்பதற்கு அயர்ந்து தூங்குவது போலவே இருக்கும்.

பெங்களூரு-மைசூரு சாலை 119 கிலோமீட்டர்தான். நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் மைசூரு போய்விடலாம், ஆனால் நாங்கள் மத்தூரில் நிறுத்தினோம். பெரியவர்கள் வடை சாப்பிட்ட நேரத்தில் மகளைச் சீட்டிலிருந்து எடுத்து, நிறுத்திய வேனின் கட்டிலில் 20 நிமிடம் கைகால் நீட்டி உதைக்க விட்டோம். எழுப்பினால் அழுவாளே என்று தயங்கினேன். அழுதாள், பால் குடித்தாள், சரியாகிவிட்டாள்.

கார் சீட்டைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்து அதிலேயே இரவுத் தூக்கம் என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சீட்டின் சாய்வு சரியாக இருப்பது வண்டியில் பொருத்தியிருக்கும்போதுதான். மெத்தைமேல் வைத்தால் கவிழலாம். சௌகரியமாக இருக்கட்டும் என்று பெல்ட்டைத் தளர்த்தினால், குழந்தை கீழே வழுக்கி அந்தப் பட்டை கழுத்தில் மாட்டும்.

அப்படியானால் இரவில் எங்கே?

தட்டையான, உறுதியான, வேறு எதுவும் வைக்காத, குழந்தைக்கென்று தனியான படுக்கையில். மடக்கி எடுத்துப்போகும் குழந்தைக் கட்டிலான டிராவல் காட் இதற்கு நல்லது. மாடலுக்கு மாடல் அளவு மாறும். வேனின் நடைபாதையை முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். கழிவறைக் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காட்டோடு வரும் மெல்லிய மெத்தை கல் மாதிரி இருக்கிறதே என்று மேலே இன்னொரு மெத்தையோ ரஜாயோ போடாதீர்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். மெத்தென்று இருக்கும் இடத்தில்தான் குழந்தையின் முகம் புதைகிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் இரவு டிராவல் காட்டை விரிக்கச் சோம்பல்பட்டு, வேனின் இரட்டைக் கட்டிலில் சுவர்ப் பக்கமாக மகளைப் படுக்க வைத்து, கீழே விழாமலிருக்க நான் வெளிப்பக்கம் படுத்துக்கொண்டேன். சுவர்ப் பக்கம்தான் பத்திரம் என்று நினைத்தேன். இரவு 2 மணி வாக்கில் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் குழந்தை இல்லை. மெத்தைக்கும் வேனின் பக்கவாட்டுப் பலகைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருந்திருக்கிறது. அவள் புரண்டு இடுப்புவரை அதற்குள் இறங்கியிருந்தாள். ஸ்பாஞ்சு மெத்தை அவள் எடைக்கு வளைந்து கொடுத்திருந்தது. முகம் மேலே இருந்ததால் பிழைத்தோம். வேன் பழையது, மெத்தை அதற்கென்று வெட்டியதில்லை. அந்த இடைவெளியைப் பற்றி வாடகைக்குக் கொடுத்தவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கைவிட்டுப் பார்க்கவில்லை. அந்த நேரத்திலேயே என் கணவர் காட்டை விரித்தார். நான் விடியும்வரை தூங்கவில்லை.

வேன் கட்டில்களில் இந்த இடைவெளி சகஜம். சோபாவை விரித்துக் கட்டிலாக்கும் வகையில் இரண்டு மெத்தைத் துண்டுகள் சேரும் இடத்திலும் இருக்கும். துணியைத் திணித்து அடைக்கலாம் என்று தோன்றும். அடைக்க வேண்டாம், திணித்த துணியே குழந்தையின் முகத்துக்கு வந்துவிடும். மேல் அடுக்குக் கட்டிலும் கூரைமேல் கூடாரமும் கைக்குழந்தைக்குக் கிடையாது. மேல் அடுக்கில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையே படுக்க விடக் கூடாது.

வீட்டில் எங்களோடுதான் படுக்கிறான். வேனில் மட்டும் ஏன் தனியாக?

நம் வீடுகளில் அம்மாவை ஒட்டியே குழந்தை படுப்பது வழக்கம், அதன் அருமை எனக்கும் தெரியும். மருத்துவர்களும் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, கையெட்டும் தூரத்தில் தூங்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள். படுக்கை மட்டும் தனியாக இருக்க வேண்டும். வேனில் எல்லாமே ஒரே அறை என்பதால் அந்தப் பாதி தானாக அமைந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் கஷ்டம். வீட்டில் தரையில் பாய் விரித்துப் படுப்பதும், 4 அடி அகல ஸ்பாஞ்சு மெத்தையில் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே, இரண்டு கம்பளிக்கு அடியில் படுப்பதும் ஒன்றல்ல.

நள்ளிரவில் பால் கொடுக்கும்போது கண் சொருகும், அது எல்லோருக்கும் நடப்பது. அதனால் பால் கொடுக்க உட்காரும் முன்பே தலையணையையும் கம்பளியையும் தள்ளி வைத்துவிடுங்கள். சோபா இருக்கையில் சாய்ந்து பால் கொடுத்தபடி தூங்கிவிடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அன்று யாராவது மது அருந்தியிருந்தாலோ, புகை பிடிப்பவராக இருந்தாலோ, தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டிருந்தாலோ, குழந்தை அவர் பக்கத்தில் படுக்கவே கூடாது.

தூளி கட்டலாமா? தூளி இல்லாமல் தூங்கவே மாட்டாள்.

இதைக் கேட்காத தமிழ்க் குடும்பமே இல்லை. எங்கள் அத்தையும் கிளம்பும் முன்பே பழைய சுங்குடிச் சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டார். நானும் தூளியில் வளர்ந்தவள்தான். ஏணை என்றாலும் தொட்டில் என்றாலும், அந்தச் சேலைக்குள் ஆடித் தூங்காத பிள்ளை நம்மில் குறைவு.

இருந்தாலும் வேனில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சேலைக்குள் குழந்தையின் முதுகு வில்லாக வளைகிறது, தாடை நெஞ்சை நோக்கி இறங்குகிறது. கார் சீட் விஷயத்தில் சொன்ன அதே மூச்சுக்குழாய்ச் சிக்கல்தான். 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டது. தூளியின் வளைவு அதைவிட எவ்வளவோ அதிகம். குழந்தை திரும்பினால் துணி இரண்டு பக்கமும் முகத்தோடு வந்து சேர்கிறது. வீட்டில் பகல் நேரத்தில் பாட்டி ஒரு கையால் ஆட்டிக்கொண்டே கீரை ஆய்வார். கண் அங்கேயே இருக்கும். இரவு வேனில் எல்லோரும் தூங்கிவிடுவோம், பார்க்க ஆளில்லை.

எதில் கட்டுவது என்பது அடுத்த சிக்கல். வீட்டில் தூளி தொங்குவது உத்தரத்திலோ காங்கிரீட்டில் பதித்த கொக்கியிலோ. வேன் கூரையில் தெரியும் கம்பி திரைச்சீலைக்கோ விளக்குக்கோ போட்டது. மெல்லிய பலகையில் இரண்டு திருகாணிதான் அதைத் தாங்கும். ஆட்டினால் சமையல் மேடையின் முனையும் அலமாரிக் கைப்பிடியும் ஒரு முழத்தில் இருக்கின்றன. குழந்தையை எடுத்த பிறகும் வளையமாகத் தொங்கும் சேலையில் அண்ணனோ அக்காவோ கழுத்தை நுழைத்து விளையாடுவார்கள். அதுவும் உயிருக்கு ஆபத்து.

தூளிக்குப் பழகிய குழந்தையைப் புறப்படும் நாளில் மாற்ற முடியாது. 10 நாள் முன்பே வீட்டில் அதே டிராவல் காட்டை விரித்துப் பகல் தூக்கத்தை அதில் தொடங்குங்கள். அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார்: சுங்குடிச் சேலையைத் தன் மடியில் விரித்து, அதில் மகளைக் கிடத்தி, முழங்காலை மெல்ல ஆட்டி, வழக்கமாகப் பாடும் தாலாட்டையே பாடினார். கண் சொக்கியதும் குழந்தையை டிராவல் காட்டில் படுக்க வைப்போம், சேலை அத்தையோடு இருக்கும். மூன்றாம் நாள் அழுகை பாதியாகக் குறைந்தது.

மல்லாக்கப் படுத்தால் பால் கக்கி மூச்சடைக்காதா?

அடைக்காது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து வரும் பால் மேல்நோக்கி ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடுகிறது. அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பிரசாரம் தொடங்கிய பிறகு தூக்கத்தில் நேரும் மரணங்கள் பாதியாகக் குறைந்தன. பால் கக்கி மூச்சடைப்பது கூடவில்லை. பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துப் படுக்க வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் வேண்டாம், எளிதாகக் குப்புற விழுந்துவிடும். இரண்டு பக்கமும் தானாகவே புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் குப்புறத் திரும்பினால் அப்படியே விடலாம். படுக்க வைக்கும்போது மல்லாக்க வைத்தால் போதும்.

கடுகுத் தலையணை, குட்டித் திண்டு, பொம்மை?

எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வருவதற்குக் குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் குப்புற விளையாட விடுவதே போதும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: கழுத்தில் இருக்கும் செயின், கறுப்பு மணி, தாயத்துக் கயிறு எல்லாவற்றையும் இரவில் கழற்றிவிடுங்கள். வேனுக்குள் கொக்கியும் கைப்பிடியும் எங்கும் உண்டு.

மலையில் குளிருமே, எப்படிப் போர்த்துவது?

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் சில இரவுகள் உறைபனி அளவுக்குப் போகும். வேனின் தகடு அந்தக் குளிரை அப்படியே உள்ளே விடும். இருந்தாலும் தளர்ந்த போர்வை வேண்டாம். பருத்திப் பனியன், அதன்மேல் முழுக்கைச் சட்டை, கால் மூடிய பேண்ட், தேவைப்பட்டால் கை வெளியே இருக்கும்படியான குழந்தைகளுக்கான உறக்கப் பை என்று உடுப்பையே அடுக்குங்கள். பெரியவர்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தால் போதும். குல்லா தூங்கும்போது வேண்டாம். குழந்தை தன் உடம்புச் சூட்டைத் தலை வழியாகத்தான் நிறைய வெளியேற்றுகிறது, குல்லா சரிந்து மூக்கையும் மூடலாம். துணியில் இறுக்கிச் சுற்றும் பழக்கத்தைப் புரளத் தொடங்கும் அறிகுறி தெரிந்ததுமே நிறுத்திவிடுங்கள்.

கை கால் சில்லென்றிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிடரியிலோ நெஞ்சிலோ விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஈரமாக, வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள். நம் ஊர்க் குழந்தைகளுக்குக் குளிரைவிட அதிகமாகப் போர்த்துவதால் வரும் சூடுதான் பெரும்பாலும் தொந்தரவு.

பகல் சூடு தனி விஷயம். வெளியே இதமான 22 டிகிரி வெயில் இருந்தாலே, மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. தூங்குகிறாளே என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டு 5 நிமிடம் காபி குடிக்கப் போவதுகூடக் கூடாது.

இரவு முழுக்க இன்ஜினை ஓடவிட்டு ஏசி போடலாமா? ஹீட்டர், கரி அடுப்பு?

மூன்றுக்கும் ஒரே பதில்: கூடாது. இன்ஜின், ஜெனரேட்டர், கேஸ் அடுப்பு, கரி என்று எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை. ஒரு வேனின் அளவுள்ள மூடிய இடத்தில் அது சேர அதிக நேரம் ஆகாது. குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் முதலில் பாதிக்கப்படுவதும் அதுதான். குளிர் காய்ந்து முடித்த கரித்தணலைச் சூட்டுக்காக உள்ளே எடுத்து வருவது கொடிய பழக்கம். அணைந்த மாதிரி தெரியும் தணலும் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. பேட்டரியைச் சோதித்துவிட்டு, நீங்கள் படுக்கும் தலை உயரத்தில் வையுங்கள். ஹோம்ஸ்டேயில் மின் இணைப்புக் கொடுத்தால் ஏசியையும் மின்விசிறியையும் அதிலிருந்து ஓட்டலாம்.

சமையல் எரிவாயு வேறு மாதிரி. அது காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு படியும், குழந்தையின் காட் இருப்பதும் அதே தரையில்தான். அதனால் இரவு ரெகுலேட்டரை மூடியது போதாது என்று சிலிண்டரின் வால்வையும் மூடினோம். முடிந்தவரை வெளியே வைத்துச் சமைத்தோம். கூரைத் துவாரத்தையும் ஒரு ஜன்னலையும் சிறிது திறந்தே வைத்துத் தூங்குங்கள், மழையாக இருந்தாலும்.

கொசு?

மூடிய வேனில் கொசுவர்த்திச் சுருள் கூடவே கூடாது. குளிப்பாட்டியதும் போடும் சாம்பிராணியையும் அந்த 3 நாள் விட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டிய வலைதான் நல்லது. டிராவல் காட்டின்மேல் வலை போடுவதாக இருந்தால், அதற்கென்றே செய்த, இழுத்துக் கட்டும் வலையாக இருக்கட்டும். தளர்ந்து முகத்தில் விழும் குடை வலை வேண்டாம்.

வண்டியை எங்கே, எப்படி நிறுத்துவது?

சமதளத்தில். காபித் தோட்டத்து முற்றங்கள் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சரிவாகவே இருக்கும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியை டிராவல் காட்டின் மெத்தைமேல் வைத்துப் பார்த்தோம். முதலில் நிறுத்திய இடத்தில் 6 டிகிரி சாய்ந்திருந்தது. டிரைவர் பின்சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சரி செய்து, சக்கரத்துக்கு அடைகல்லும் வைத்தார். பக்கத்தில் ஜெனரேட்டரோ, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் டூரிஸ்ட் பஸ்ஸோ இருந்தால் தள்ளிப்போய் நிறுத்துங்கள்.

பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு: அந்தக் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும். கேட்டில் மாட்டிக்கொண்டு ரோட்டோரத்தில் அவசரமாகக் குழந்தைக்குப் படுக்கை போடும் நிலை வரக் கூடாது. காட்டுக்கு முன்னால் வரும் ஊரான குண்டலுப்பேட்டையை மாலை 5 மணிக்குள் தாண்டும்படி திட்டமிடுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைத்து அழுதால், ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். ஓடும்போது சீட்டிலிருந்து எடுக்காதீர்கள், எவ்வளவு அழுதாலும்.

ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து பார்க்க வேண்டுமா? மூச்சைக் கண்காணிக்கும் கருவி வாங்கலாமா?

அந்தக் கருவிகள் ஆபத்தைக் குறைக்கும் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. அதை நம்பித் தலையணை வைத்துவிடும் துணிச்சல்தான் வரும். காலியான தட்டையான படுக்கை, திறந்த ஜன்னல், மூடிய சிலிண்டர் இந்த மூன்றையும் படுக்கும் முன் கையால் தொட்டுப் பார்த்துவிட்டால் நீங்களும் தூங்கலாம். நாங்கள் டிராவல் காட்டின் கால்மாட்டில் மங்கலான ஒரு சிறு விளக்கு வைத்திருந்தோம். பால் கொடுக்க எழும்போது பிடரியில் ஒரு விரல் வைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். கடைசி நாள் என்னைவிட முன்னால் எழுந்தது அத்தைதான். விடியற்காலை 5 மணிக்கு, குழந்தை அசையவில்லையே என்று குனிந்து பார்த்தவரின் மூக்கை அவள் பிடித்து இழுத்தாள்.